மேலே மக்காச்சோளம், கீழே நிலக்கரி

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து மக்கூப்பின் கவுண்டி வெறும் சோளக்காடாகத்தானே தெரிகிறது, அதை ஏன் நிலக்கரி ஊர் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் சரிதான். மேலே கருமண் சமவெளி, அடியில் நிலக்கரி. பெயர்கூட மண்ணுக்குள்ளிருந்து வந்ததுதான்: மக்கூப்பின் என்பது பூர்வகுடிகள் தின்ற தாமரைக் கிழங்கு.

1898 அக்டோபர் 12-இல் இந்தக் கவுண்டியின் வேர்டன் ஊரில் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முறியடிக்க, சுரங்கக் கம்பெனி அலபாமாவிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை ரயிலில் கொண்டுவந்தது. வேலைநிறுத்தக்காரர்களுக்கும் கம்பெனிக் காவலர்களுக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரு பக்கமும் உயிர்கள் போயின. ஆட்களை இறக்காமலே ரயில் கிளம்பிவிட்டது. அதில் இறந்த வேலைநிறுத்தக்காரர்கள் சிலரைப் புதைத்த மவுண்ட் ஆலிவ் கல்லறையில்தான் பின்னாளில் தொழிற்சங்கப் போராளி மதர் ஜோன்ஸும் அடக்கமானார்.

எனக்குப் பிடித்தது இதே கவுண்டியிலுள்ள கார்லின்வில் ஊரின் கதை. 1918-இல் ஸ்டாண்டர்டு ஆயில் என்ற எண்ணெய்க் கம்பெனி தன் சுரங்கத் தொழிலாளர்களுக்காக தபால்வழி விற்பனை செய்த சியர்ஸ் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்து 156 வீடுகளை வரவழைத்தது! அறுத்து எண் போட்ட மரத்துண்டுகள் ரயிலில் வந்து இறங்கின. 1920-களிலேயே அந்தச் சுரங்கங்கள் மூடிவிட்டன. வீடுகளில் பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன.