மாதவிடாய் நிற்கும் வயதில் உணவு எதுவரை உதவும்?

கேள்வி: எனக்கு வயது 48. பொகவந்தலாவைப் பகுதியில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். எட்டு மாதங்களாக மாதவிடாய் ஒழுங்கில்லை. வந்தால் அதிகமாகப் போகிறது. குளிர் இரவிலும் திடீரென உடல் கொதித்து வியர்க்கிறது. மூலிகைத் தூள் ஒன்றைக் குடிக்கச் சொல்கிறார்கள். சாப்பாட்டாலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: சகோதரி, கம்பளி போர்த்தியும் நடுங்கும் மலைக்குளிரில் உடல் மட்டும் கொதிப்பது மனப்பிரமை அன்று. ஈஸ்ட்ரஜன் என்னும் பெண் ஹோர்மோன் ஏறி இறங்கிக் குறையும்போது, உடல் வெப்பத்தைச் சீராக்கும் மூளைப்பகுதி சிறு மாற்றத்தையும் பெருஞ்சூடாக எடுத்துக்கொண்டு வியர்க்க வைக்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் வராதிருந்தால்தான் மாதவிடாய் நின்றதாகக் கொள்வோம். நீங்கள் இருப்பது அதற்கு முந்திய காலம்.

உணவு உங்கள் இரத்தத்தையும் எலும்பையும் காக்கும். அந்தக் கொதிப்பை அது அணைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். சோயாவில் ஈஸ்ட்ரஜனை ஒத்த பொருள்கள் இருந்தாலும், அவை வெப்பத்தைத் தணிக்கின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. சோயா மீற் கறியைப் புரதத்துக்காகச் சமையுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது இரத்தம். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு நாளுக்கு 18 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். நின்ற பிறகு 8 போதும். அதிகமாகப் போகும் இந்த மாதங்களில்தான் பற்றாக்குறை வரும். மலையில் ரொட்டியைச் சம்பலோடு பிட்டுத் தின்று, கையோடு போத்தலில் உள்ள சாயத் தேநீரைக் குடிக்கிறீர்கள் அல்லவா? அந்தத் தேநீரிலுள்ள பொலிபீனோல்கள், ரொட்டி, பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தேநீரை விடவேண்டியதில்லை, சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சம்பலில் தேசிக்காய் பிழிந்தால் அதன் வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்க உதவும். ஈமோகுளோபின் சோதனையும் அவசியம்.

அடுத்தது எலும்பு. ஈஸ்ட்ரஜன் குறைந்ததும் எலும்பு வேகமாகத் தேய்வதால், 50 வயதுக்கு மேல் நாளுக்கு 1200 மில்லிகிராம் வரை கல்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. குரக்கன் மா 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் உண்டு. கோதுமை மாவில் அதில் ஒரு சிறு பங்கே உண்டு. ரொட்டி மாவில் பாதியைக் குரக்கனாக்கி, முள்ளோடு தின்னும் நெத்தலிக் கருவாட்டையும் ஒரு குவளைப் பாலையும் சேர்த்தால் பெரும்பகுதி வீட்டிலேயே கிடைத்துவிடும். மேடேறி இறங்கும் உங்கள் வேலை எலும்புக்கு நல்லதே. தலையில் தொங்கும் பாரம் கழுத்துக்கு நல்லதன்று.

கொதிப்பால் தூக்கமே கெடுமானால், ஹோர்மோன் சிகிச்சையே மிகுந்த பலன் தரும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம் வந்தவர்களுக்கு அது பொதுவாகத் தரப்படுவதில்லை என்பதால் மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத தூளைத் தொடாதீர்கள். சில மூலிகைகள் ஈரலைப் பாதிக்கும். பொதியையே கொண்டுபோய், பதிவுபெற்ற மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ‘வெல் வுமன்’ கிளினிக் எந்த நாளில் நடக்கிறதென்று தோட்டத்து மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே இலவசமாகப் பரிசோதிப்பார்கள். அதிகமாகப் போவதை அங்கே முதலிலேயே சொல்லுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், கொழுந்து நாள் என்று பாராமல் அந்த வாரமே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.