அலுமாரிக்கு மேலிருந்து இறங்கும் கிட்டார்

கேள்வி: எனக்கு 67 வயது. 1970களின் கடைசியில் கொழும்பில் ஒரு பொப்பிசைக் குழுவில் லீட் கிட்டார் வாசித்தவன். 83க்குப் பிறகு குழு ஆளுக்கொரு நாடாகச் சிதறிவிட்டது. கலியாண வீடு, ஹோட்டல் என்று கொஞ்சக் காலம் வாசித்தேன். குடியால் அதுவும் போயிற்று. குடியை விட்டு ஆறு வருடம், கிட்டாரைத் தொட்டுப் பதினெட்டு வருடம். இப்போது நாலு பொடியள், எல்லாரும் 25க்கு உட்பட்டவர்கள், எங்கள் காலத்துத் துள்ளிசைப் பாட்டுகளைத் திரும்ப மேடையேற்றுகிறார்கள். "அங்கிள், நீங்கள் வந்து வாசிக்க வேணும்" என்று இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார்கள். பம்பலப்பிட்டியில் நிகழ்ச்சி. மூன்று மாதம் இருக்கிறது. 12 பாட்டு, அதில் இரண்டு நான் மெட்டமைத்தவை. விரல் மரத்துக் கிடக்கிறது, சர்க்கரை வருத்தமும் உண்டு, கிட்டாரும் அம்ப்பும் அப்படியே துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஒத்துக்கொள்ளலாமா? அல்லது காட்சிப்பொருளாக நிறுத்தத்தான் கூப்பிடுகிறார்களா?
பி.கு.: அந்தக் காலத்து மேடைச் சட்டை பத்திரமாக இருக்கிறது. போடலாமா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: ஒத்துக்கொள்ளுங்கள் ஐயா, ஆனால் 12 பாட்டுக்கு அல்ல, மூன்று பாட்டுக்கு. "மூன்றைப் பழகுவோம், நாலு ஒத்திகை முடியட்டும், மிச்சத்தைப் பிறகு கதைப்போம்" என்று சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக்கும் முகம் முறியாமல் விலக ஒரு வாசல் திறந்திருக்கும்.

காட்சிப்பொருளா இல்லையா என்று அறிய ஒரே ஒரு கேள்வி போதும்: "நான் வராத நாளில் என் இடத்தில் என்ன கேட்கும்?" இன்றைய இளம் குழுக்கள் பலவும் மேடையில் லாப்டொப் வைத்து, முன்கூட்டியே பதிவு செய்த சில பகுதிகளை ஓட விட்டுக்கொண்டு அதன் மேல் வாசிக்கிறார்கள். அதில் பிழையில்லை. உங்கள் கிட்டார் பகுதியும் அதற்குள் ஏற்கெனவே ஓடுகிறது என்றால் நீங்கள் படத்துக்குத்தான் தேவை. "அந்த இடம் வெறுமையாக இருக்கு அங்கிள்" என்று பதில் வந்தால் உங்கள் கைதான் தேவை.

எந்தக் கை? லீட் வாசிக்கும் இடக்கை என்று நினைக்கிறீர்கள். எங்கள் கணிப்பில் அது வலக்கை. வேகமாக லீட் வாசிக்கிற 23 வயதுப் பொடியன்கள் கொழும்பில் தாராளம். ஆறு எண்ணிக்கைத் தாளத்தைச் சரியாக அடிக்கிறவர்கள்தான் குறைவு. போர்த்துக்கீசர் காலத்து மிச்சமான காஃபிரிஞ்ஞா என்ற ஆட்ட இசையிலிருந்து பைலாவுக்கு வந்து, அங்கிருந்து தமிழ்த் துள்ளிசைக்குள் புகுந்த அந்த ஆறு, தாளில் எழுதினால் மிக எளிது. ஒன்று-இரண்டு-மூன்று, நாலு-ஐந்து-ஆறு. கால் ஒன்றிலும் நாலிலும் தட்டும். அதே நேரத்தில் கை ஒன்று, மூன்று, ஐந்து என்று அழுத்தும். காலுக்கு இரண்டு, கைக்கு மூன்று. இந்த இழுபறிதான் ஆளை எழும்பி ஆட வைப்பது. கணினித் திரையில் கட்டம் போட்டு அடுக்கிய தாளத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஆறையும் ஒரே அழுத்தத்தில் வாசித்துவிடுவார்கள். தையல் மெசின் ஓடுகிற மாதிரி இருக்கும். எது குறைகிறது என்று அவர்களுக்கே தெரியாது, ஏதோ குறைகிறது என்று மட்டும் தெரியும். உங்கள் வீட்டுப் படி ஏறி வந்ததும் அதனால்தான் போலும்.

இதை எல்லாருக்கும் முன்னால் பாடமாக எடுக்காதீர்கள். டிரம்ஸ் வாசிக்கிற பொடியனைத் தனியாக அரை மணித்தியாலம் கேளுங்கள். பேஸ் வேண்டாம், கீபோர்ட் வேண்டாம். நீங்களும் அவனும் மட்டும், ஒரே கோர்ட்டில், நிறுத்தாமல் ஐந்து நிமிடம் ஓடுங்கள். மூன்றாவது நிமிடத்தில் பிடித்துக்கொள்வான்.

இனி மரமும் இரும்பும். கிட்டாரை எடுத்தவுடன் டியூன் பண்ண முறுக்காதீர்கள். கடற்காற்றில் பதினெட்டு வருடம் இருந்த கம்பி முகத்தில் தெறிக்கும். பழையவற்றைத் தளர்த்தி வெட்டி எறியுங்கள். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் பச்சை பூத்திருக்கும், அந்த உலோகத்தில் செம்பு இருப்பதால் வருவது. நான்கு பூச்சிய (0000) மிக நுண்ணிய இரும்புப் பஞ்சால் தேய்த்தால் போகும். தேய்க்க முன் கம்பிகளுக்குக் கீழே உள்ள காந்தப் பிக்கப்புகளை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். அந்த இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டினால் பிறகு எடுப்பது பெரும்பாடு. வொலியூம் குமிழ் கரகரத்தால் கொன்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தரம் திருகுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெயை அதற்குள் அடிக்க வேண்டாம், பிசுக்குப் பிடித்துத் தூசியைச் சேர்த்துவிடும்.

புதிய கம்பி, மெல்லிய 9–42 அளவில் போடுங்கள். அந்தக் காலத்தில் தடித்த 10–46 போட்டிருப்பீர்கள், இப்போது வீரம் வேண்டாம். இழுவிசை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும், சர்க்கரை உள்ள விரலுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் இழுவிசை மாறினால் நெக்கின் வளைவும் மாறும். முதல் ஃப்ரெட்டையும், நெக் உடலோடு சேருகிற ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே பாருங்கள். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட் நுழைகிற அளவு இடைவெளி போதும். கூடவாக இருந்தால் நெக்குக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியான டிரஸ் ரொட்டை வலப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று மட்டும் திருகி, ஒரு இரவு விட்டுப் பாருங்கள். திருகு அசைய மறுத்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய கிட்டாரில் அந்த ரொட் முறிந்தால் நெக்கே போன மாதிரிதான்.

அம்ப் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறோம்: பிளக்கில் குத்தாதீர்கள். உள்ளே உள்ள மின்பகு கபாசிட்டர்கள் இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கும். 230 வோல்ட் ஒரேயடியாகப் பாய்ந்தால் வெடிக்கும், இல்லாவிட்டால் ட்ரான்ஸ்ஃபோமரைக் கொண்டுபோகும். வயர் கழற்றியிருந்தாலும் அவை மின்னைத் தேக்கி வைத்திருக்கக்கூடும், அதனால் நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்க்கிற கருவி உள்ள மெக்கானிக்கிடம் கொடுங்கள். அந்தக் காலத்து அம்ப் பலவற்றில் வயர் இரண்டு கோர்தான், எர்த் இல்லை. நீங்கள் கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எர்த் உள்ள மைக்கில் உதடு முட்டினால் மின்சாரம் உங்கள் ஊடாகத்தான் போகும். மேடையில் உயிர் போன கிட்டார்காரர்கள் உலகத்தில் உண்டு. மூன்று கோர் வயர், எர்த் உள்ள பிளக், இரண்டும் மாற்றாமல் ஒத்திகைக்குக்கூடக் கொண்டுபோகக் கூடாது. சாமான் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும், பூட்டுவதை மெக்கானிக் செய்யட்டும். உண்மையில் அந்த அம்ப் உங்களுக்குத் தேவைப்படாமலும் போகலாம். பொடியள் ஒரு பெடலிலிருந்து நேரே மிக்சருக்குக் கொடுக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள்.

விரலுக்கு ஒரு நாளில் மூன்று தரம், தரத்துக்குப் பத்து நிமிடம். ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் இருந்தால் மூன்றாம் நாள் தோல் கொப்பளித்து ஒரு வாரம் போய்விடும். நுனி தடிக்க மூன்று, நாலு வாரம் எடுக்கும். குளித்தவுடன் வாசிக்க வேண்டாம், ஊறிய தோல் கிழியும். சர்க்கரை இருப்பதால் இரண்டைக் கவனியுங்கள். நுனியில் உணர்வு குறைந்திருந்தால் காயம் பட்டதே தெரியாது, ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்க வேண்டும். காலையில் விரல் மடங்கி, நிமிரும்போது 'டக்' என்று விடுபட்டால், அல்லது இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டும் விறைத்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு டொக்டரிடம் காட்டுங்கள். இரண்டும் நேரத்தோடு பார்த்தால் வைத்தியம் உள்ள விஷயங்கள்.

ஒரு விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்துகிற பார் கோர்ட் அழுத்த முடியவில்லையே என்று கவலைப்படுவீர்கள். ஆறு கம்பியையும் அழுத்தவே வேண்டாம். மெல்லிய மூன்று கம்பிகளில் மட்டும் கோர்ட்டைப் பிடியுங்கள். கீழ்ச்சுருதியில் பேஸ் இருக்கிறது, கீபோர்டின் இடக்கை இருக்கிறது. அங்கே நீங்களும் போய் நின்றால் பாட்டு சேறாகிவிடும். மூன்று கம்பி வாசிப்பு கைக்கும் சுகம், குழுவுக்கும் இடம். பழைய லீட்காரர்கள் திரும்பி வரும்போது பெரும்பாலும் சறுக்குவது இதில்தான். பாடகர் மூச்சு விடுகிற இடமெல்லாம் ஒரு சின்ன வாசிப்பை நிரப்பிவிடுவார்கள். இரண்டு வரிக்கு ஒன்று போதும்.

இன்னொரு சிக்கல் வரும். பாட்டின் சுருதி ஈ (E) என்பீர்கள், பொடியள் அது ஈயும் இல்லை எஃப்பும் (F) இல்லை என்பார்கள். சண்டை வேண்டாம், இரண்டு பேரும் சரி. அவர்கள் கேட்டுப் பழகியது கசெட்டிலிருந்து ஏற்றிய பதிவாக இருக்கும். ரெக்கோர்டர் 3 வீதம் வேகமாக ஓடினாலே சுருதி கால் கட்டை ஏறிவிடும். பதிவை மறந்து, இன்று பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ற கட்டையில் வையுங்கள். மாற்றுவது ஒன்றிரண்டு கட்டை என்றால் நெக்கில் மாட்டிச் சுருதியை ஏற்றுகிற கப்போ போட்டுக்கொள்ளுங்கள், வெட்கமில்லை. லீட் பகுதியை மட்டும் பழைய பதிவைக் கேட்டு அப்படியே எடுங்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள், கேட்க வருகிறவர்கள் அதை வாயால் முணுமுணுப்பார்கள்.

இயர்ஃபோன் வழியாகக் காதுக்குள் கிளிக் தருவார்கள், தாளம் காட்டுகிற 'டிக் டிக்' சத்தம். ஆறு எண்ணிக்கைப் பாட்டுக்கு ஆறு கிளிக் வைத்தால் கோழி கொத்துகிற மாதிரி இருக்கும். ஒன்றிலும் நாலிலும் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் அதை ஒரு வாரம் போனில் ஓட விட்டுப் பழகினால், பழைய மேடைக்காரர் எல்லாருக்கும் உள்ள முந்தி ஓடுகிற வருத்தம் தெரியவரும். ஒரு காதின் இயர்ஃபோனை மட்டும் கழற்றி வைக்காதீர்கள். கழற்றினால் மற்றக் காதில் சத்தத்தைக் கூட்டுவீர்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் தாங்கும் காதுக்கு, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100இல் 15 நிமிடம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும்.

காசு விஷயம், முதல் ஒத்திகைக்கு முன்னரே. "அங்கிளுக்குக் காசு முக்கியமில்லை" என்று அவர்களும் நினைக்கக் கூடாது, நீங்களும் பெருந்தன்மையாகச் சொல்லிவிடக் கூடாது. சவுண்ட், வாகனம், ஒத்திகை அறை வாடகை போக மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்து வையுங்கள். அதே தாளில் உங்கள் இரண்டு பாட்டுகளின் பெயரையும், மெட்டு உங்களுடையது, வரி இன்னாருடையது என்பதையும் எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவரின் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 70 வருடமும் உரிமை உண்டு. பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. பழைய பதிவை ஓட விடுவதற்கு அதை வெளியிட்டவரைக் கேட்க வேண்டும். புதிதாக வாசித்து யூடியூபில் போடுவதற்கு உங்களையும் வரி எழுதியவரையும் கேட்டால் போதும். வரி எழுதியவர் காலமாகியிருந்தால் அவர் பிள்ளைகளிடம் இப்போதே ஒரு சொல் கேட்டு வையுங்கள். வெளியான பிறகு கேட்டால் அது வழக்காகும்.

குடியை மறைக்காமல் எழுதியதால் நாங்களும் மறைக்காமல் சொல்கிறோம். குழுவில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். முதல் ஆறு மாதம் மண்டப நிகழ்ச்சிகள் மட்டும் வாசியுங்கள், ஹோட்டல் விருந்துகளையும் கலியாண வீடுகளையும் பொடியள் உங்களை விட்டுவிட்டுச் செய்யட்டும். அங்கே கஷ்டம் மேடையில் இல்லை, இரண்டு செட்டுக்கு இடையிலான முக்கால் மணித்தியாலத்தில் இருக்கிறது.

நிகழ்ச்சி நாளில் ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போய்ப் பெட்டியைத் திறந்து வையுங்கள். காலி வீதி வெக்கையிலிருந்து ஏசிக்குள் போனால் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், மேடை விளக்குச் சூட்டில் திரும்ப இறங்கும். உங்களை முதல் பாட்டுக்கு ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். நாலாவது பாட்டு நல்லது. அதற்குள் மிக்சர்காரர் சத்தத்தைச் சரிப்படுத்தியிருப்பார், நீங்களும் பின்னால் இருந்து விரலைச் சூடாக்கியிருப்பீர்கள். அறிவிப்பாளர் "வாழும் சகாப்தம்" என்று தொடங்கினால் பெயரையும் கிட்டாரையும் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பெரிய அறிமுகத்துக்குப் பிறகு முதல் கம்பி பிசகினால் அது ஊருக்கே கேட்கும்.

சட்டை: பொத்தான் பூட்ட முடிந்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் அந்தக் காலத்துப் பெரிய பித்தளை பக்கிள் பெல்ட் வேண்டாம், கிட்டாரின் முதுகைக் கீறிவிடும்.