மாநகராட்சி அனுமதி இருந்தும் கேபிள் வேலை நின்றது ஏன்?
சார், மாநகராட்சிக் கடிதம் கையில் இருந்தும் நெடுஞ்சாலைத் துறையினர் வேலையை நிறுத்தியது சரிதான். சாலை யாருடையதோ அவர்கள்தான் அனுமதி தர வேண்டும். உங்கள் கேபிள் உட்தெருவில் தொடங்கித் துறைச் சாலையைக் கடக்கிறது, எனவே இரண்டு பேரின் அனுமதியும் வேண்டும். நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் தனியாக விண்ணப்பியுங்கள். வரைபடத்தில் சாலையின் மையக்கோட்டிலிருந்து கேபிளுக்கு உள்ள தூரம், ஆழம், அங்கே ஏற்கெனவே ஓடும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் எல்லாம் இருக்கட்டும். பல மனுக்கள் இது இல்லாமல்தான் திரும்பி வரும். குறுக்கே வெட்டக் கேட்காதீர்கள், கிடைமட்டத் துளையிடல் (சாலையை வெட்டாமல் அடியில் துளைத்துக் கேபிளைக் கொண்டு போவது) என்றே எழுதுங்கள்.

குழியை மூடும்போது தோண்டிய களிமண்ணையே தள்ளினால் முதல் மழையிலேயே அமுங்கும். மணலை 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, நனைத்து, பிளேட் காம்பாக்டர் (அதிர்ந்து மண்ணை இறுக்கும் இயந்திரம்) ஓட்டிய பிறகே அடுத்த அடுக்கு. வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் சாலை வெட்டுக்குத் தடை வரும். செப்டம்பருக்குள் முடிக்கப் பாருங்கள்.