டூட்டிக்குப் போனதற்கு மூன்று நாள் உபவாசமா?

கேள்வி: எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் பாட்டு நடத்தும் சகோதரி ஒருவர் நர்ஸ். ஞாயிறு டூட்டி என்று தொடர்ந்து மூன்று வாரம் ஆராதனைக்கு வரவில்லை. நான்காம் வாரம் வந்தபோது, "மூன்று நாள் உபவாசம் இருந்துவிட்டு அப்புறம் பாட்டு நடத்துங்கள்" என்றேன். அழுதுகொண்டே போய்விட்டார். நான் ரொம்பக் கண்டிப்பு என்று வாலிபர்கள் முணுமுணுக்கிறார்கள். கிருபை, கிருபை என்று எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால் சபை என்ன ஆகும்?
– குழுத் தலைவர் ஒருவர், தாராவி, மும்பை

பதில்: சகோதரரே, அந்தச் சகோதரியிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்துக்கு அப்புறம் வருகிறேன்.

லூக்கா 13ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18 வருஷம் நிமிர முடியாமல் கூனியாயிருந்த ஒரு ஸ்திரீயை இயேசு ஓய்வுநாளில் சுகமாக்குகிறார். ஜெப ஆலயத் தலைவனுக்குக் கோபம் வருகிறது. வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அந்த நாட்களில் வந்து சுகமாகிக்கொள்ளுங்கள் என்று ஜனங்களைப் பார்த்துச் சொல்கிறான். தன் ஜெப ஆலயம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற கவலை அவனுக்கு, உங்களுக்கு இருக்கிற மாதிரியே. ஆனால் 18 வருஷத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்று தேவனை மகிமைப்படுத்துகிறவள் அவன் கண்ணில் படவே இல்லை. ஓய்வுநாளிலும் உங்கள் எருதையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் மகளை அவிழ்த்துவிடக் கூடாதா என்று இயேசு கேட்டார்.

நம் சகோதரி அந்த மூன்று ஞாயிறும் எங்கே இருந்தார்? வார்டில். டிரிப் பாட்டில் மாற்றிக்கொண்டு, எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டு, காய்ச்சலில் பிதற்றுகிற பெரியவருக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துக்கொண்டு. டூட்டி முடிந்து ஓடிவரலாம் என்றாலும் இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக மெகா பிளாக் என்று லோக்கல் ரயில்களைக் குறைத்துவிடுகிறார்கள். உங்களுக்குத் தெரியாததா? நாலாவது வாரம் வந்தாரே, அதற்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம்.

நீங்கள் அவருக்கு விதித்தது அபராதம். தவணை தவறினால் வட்டியோடு கட்டு என்று கடன் வசூலிக்க வருகிறவர் பேசும் பேச்சு அது. அதிலும் உபவாசத்தைத் தண்டனையாக்கியதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. தேவனுடைய முகத்தைத் தேடுவதற்காக இருப்பது உபவாசம். அதையே பாக்கி தீர்க்கும் வழியாக்கிவிட்டால், இனி அந்தப் பெண் எந்த நாள் பசியோடு முழங்கால் போட்டாலும் தேவனுடைய முகத்துக்குப் பதில் உங்கள் முகம்தான் அவருக்கு நினைவுக்கு வரும்.

கிருபையைப் பேசினால் சபை கெட்டுப்போகாதா என்கிறீர்கள். பவுலையும் இதே கேள்விதான் துரத்தியது. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று ரோமர் 6இல் பதில் சொன்னார். ஆனால் அந்தப் பயத்துக்காகக் கிருபையில் ஒரு துளியைக்கூட அவர் குறைத்துக்கொள்ளவில்லை. தீத்துவுக்கு எழுதும்போது, அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழ நமக்குப் போதிப்பதே கிருபைதான் என்கிறார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய இங்கிலாந்துப் பிரசங்கியார் ஜான் வெஸ்லியைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைக் கைதிகளைச் சந்திப்பது, மணிக்கணக்கு வைத்து ஜெபம் என்று அவர் கடைப்பிடிக்காத ஒழுங்கு இல்லை. இத்தனைக்கும் மனதில் நிம்மதி இல்லை. 1738 மே 24ஆம் தேதி லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை வாசிக்கக் கேட்டபோதுதான், கிறிஸ்து ஒருவரை நம்பினால் போதும் என்பது அவர் உள்ளத்தில் இறங்கியது. அதற்குப் பிறகு சோம்பேறியாகிவிட்டாரா? விடியற்காலை 4 மணிக்கு எழும் பழக்கத்தை விடவில்லை. 1791இல், 87 வயதில் இறந்தார். அந்த வருஷமும் பிரசங்கம் செய்தார். பழைய ஒழுங்குகளில் பல அப்படியே இருந்தன, பயம்தான் போய்விட்டது.

சபையில் கண்டிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறவரைக் கண்டியுங்கள். சீட்டுப் பணத்தைச் சுருட்டினவரை நிறுத்தி வையுங்கள். ஆனால் இப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கலாமே, யார் வந்தார், யார் வரவில்லை என்ற உங்கள் கணக்கில் அவர் எப்படி அகப்படுவார்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த வாரமே உங்கள் மனைவியையும் அழைத்துக்கொண்டு அந்த நர்ஸ் சகோதரியின் வீட்டுக்குப் போங்கள். விதித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பங்கில் தவறு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், "நீங்களும் வந்திருக்கலாம்" என்று வாலை ஒட்டாதீர்கள். அடுத்த மாத டூட்டிப் பட்டியலைக் கேட்டு, எந்த ஞாயிறு அவருக்கு லீவோ அன்று பாட்டை அவரிடமே கொடுங்கள். அப்புறம், வார நாளில் ராத்திரி 9 மணிக்கு ஒரு சின்ன ஜெபக்கூட்டம் வைக்க முடியுமா என்று யோசியுங்கள். ஓட்டல் வேலை, செக்யூரிட்டி வேலை, டாக்சி ஓட்டுவது என்று ஞாயிறும் ஓய்வில்லாத நம் ஆட்கள் தாராவியில் நிறையப் பேர். அவர்களையும் கூப்பிடுங்கள்.