ரத்தப் பையில் உதிரும் நுண்குமிழ்கள்

கேள்வி: அறுவை சிகிச்சையின்போது என் தந்தைக்கு ஏற்றப்பட்ட சிவப்பணுப் பையில், ரத்தம் எடுத்து 31 நாள்கள் ஆனதாகத் தேதி இருந்தது. நாளாக ஆகச் சிவப்பணுக்கள் தம் வெளியுறையின் துணுக்குகளை நுண்குமிழ்களாக உதிர்க்கும் என்று ஆய்வகத்தில் பணிபுரியும் உறவினர் ஒருவர் சொன்னார். குளிரில் வைத்தும் ஏன் அப்படி நேர்கிறது? அதனால் கெடுதல் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உறவினர் சொன்னது உண்மைதான். உடலுக்குள் ஓடும் சிவப்பணுவும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சுமார் 120 நாள் வாழ்நாளில் அது தன் ஹீமோகுளோபினில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை நுண்குமிழ்களாகவே இழக்கிறது. உடலில் அவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் அவ்வப்போது அகற்றிவிடுகின்றன. பைக்குள் அகற்றுவார் இல்லாததால் உதிர்ந்தவை அங்கேயே சேர்ந்துகொண்டு போகின்றன.

2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிர், அணுவின் வேலையை மந்தப்படுத்துமே தவிர நிறுத்திவிடாது. பையிலுள்ள சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு வாழும் சிவப்பணு வெளியேற்றும் லாக்டிக் அமிலம் அங்கேயே தேங்க, புளிப்பு ஏறி, ஆற்றல் தரும் ஏடிபி குறைகிறது. அப்போது அணுவின் வெளியுறையான சவ்வுக்கு அடியில் அதைத் தாங்கி நிற்கும் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலையின் பிடி தளர்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் குழிந்த வட்டத் தட்டாக இருந்த அணு நெருஞ்சிக் காயைப் போல முள் முளைத்து நிற்பது தெரியும். அந்த முள் நுனிகள் அறுந்து விழுவதே நுண்குமிழ். அதன் குறுக்களவு ஒரு மைக்ரானில் பத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்குதான். அறுந்த சவ்வு திரும்ப வளராது என்பதால், மிஞ்சிய அணு உருண்டு விறைத்து, மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் நுழைய முடியாமல் சிக்கிக்கொள்கிறது.

நுண்குமிழின் வெளிப்புறத்தில், வழக்கமாகச் சவ்வின் உட்பக்கம் மறைந்திருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பட்டிருக்கும். அது ரத்தம் உறைவதைத் தூண்டவல்லது. உள்ளிருக்கும் ஹீமோகுளோபினோ, ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடைப் பற்றிக்கொள்ளும்.

எவ்வளவு உதிரும் என்பது நாள் கணக்கை மட்டும் பொறுத்ததன்று. சிபிடிஏ என்ற பாதுகாப்புக் கரைசலில் 35 நாளும், சவ்வைக் காக்கும் மானிட்டால் சேர்ந்த சாக்ம் என்ற கரைசலில் 42 நாளும் சிவப்பணுக்களை வைக்கலாம். சேமிக்கும் முன்பே வெள்ளணுக்களை வடிகட்டி நீக்குவதும், பையிலிருந்து ஆக்சிஜனைக் குறைப்பதும் அணுக்களின் சிதைவைத் தணிக்கின்றன. எதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களுக்காகக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தும் பையிலோ சவ்வு மேலும் நலிவதால், அதன் காலக்கெடுவையே சுருக்கிவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், பிவிசி பையை மிருதுவாக்கச் சேர்க்கும் டிஇஹெச்பி என்ற வேதிப்பொருள் ரத்தத்தில் கசிந்து, சவ்வில் படிந்து, குமிழ் உதிர்வதைக் குறைக்கிறது. உடலுக்கு ஆகாதென்று அதை விலக்க முனைந்தவர்களுக்கு மாற்றுப் பை கிடைப்பது கடினமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கெடுதல் உண்டா என்ற கேள்விக்கு, ஆய்வகக் குழாயைவிட நோயாளிகளிடம் கண்டதையே நான் பெரிதாக மதிப்பேன். கனடாவிலும் ஐரோப்பாவிலும் தீவிர சிகிச்சையில் இருந்த ஏறத்தாழ 2,400 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஏபிள் ஆய்வில், சராசரியாக 6 நாள் சேமித்த ரத்தம் பெற்றவர்களுக்கும் 22 நாள் சேமித்த ரத்தம் பெற்றவர்களுக்கும் 90 நாள் இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நான்கு நாடுகளில் நடந்து 2016இல் வெளியான இன்ஃபார்ம் ஆய்விலும், மருத்துவமனையில் நேர்ந்த இறப்பில் அத்தகைய வேறுபாடு இல்லை. கடைசி வாரப் பைகளை மட்டும் தனியே பிரித்துச் சோதித்த ஆய்வுகள் அல்ல இவை. ஆயினும் 31ஆம் நாள் பை மேலே சொன்ன இரண்டில் எந்தக் கரைசலில் இருந்தாலும் காலக்கெடுவுக்கு உட்பட்டதே. “புது ரத்தம்தான் வேண்டும்” என்று உறவினர்கள் வற்புறுத்துவதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

கேள்வி: பை வார்டு மேசையில் கொஞ்ச நேரம் கிடந்தால் பழையபடி குளிரில் வைத்துவிடலாமா?
– அதே வாசகி

பதில்: 30 நிமிடத்துக்கு மேல் வெளியில் இருந்த பையை ரத்த வங்கி பொதுவாகத் திரும்பப் பெறாது. இதற்கு முதற் காரணம் நுண்குமிழ் அல்ல. வெப்பத்தில் பாக்டீரியா பெருகிவிடக்கூடும் என்பதே. ஏற்றத் தொடங்கிய பையை 4 மணி நேரத்துக்குள் முடிக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.