எல்லைக் கோட்டை யார் போட்டது?

கேள்வி: 1939-இல் மங்கோலியாவில் சோவியத்தும் ஜப்பானும் மோதிய நோமன்ஹான் சண்டையை, உலகப்போரின் கதையில் பாதி என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். குதிரை மேய்கிற புல்வெளிக்காக நடந்த எல்லைத் தகராறை இப்படி ஊதிப் பெரிதாக்கலாமா? - வாசகர், விருதுநகர்

பதில்: இந்தத் 'தகராறில்' சோவியத் தரப்பில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 9,700 பேர். ஜப்பான் தன் கணக்கிலேயே எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சாவுகளை ஒப்புக்கொண்டது. எல்லாம் சுமார் நான்கு மாதத்தில். இதைத் தகராறு என்று எழுத எனக்குக் கை வரவில்லை ஐயா.

புல்வெளி என்பது சரிதான். கால்கின் கோல் ஆறுதான் எல்லை என்று ஜப்பான், சீனாவின் வடகிழக்கில் மஞ்சூரியாவில் வைத்திருந்த தன் பொம்மை அரசான மஞ்சுகுவோவின் பெயரில் சொன்னது. ஆற்றுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் வரை தன் மண் என்றது சோவியத்தின் கூட்டாளியான மங்கோலியா. மே 11 அன்று மங்கோலியக் குதிரைவீரர்கள் சிலர் மேய்ச்சலுக்காக ஆற்றின் கிழக்கே வந்ததில் ஆரம்பித்தது. அதற்கு முன்பும் அங்கே உரசல்கள் இருந்தன. இந்தத் தடவை ஏன் பற்றிக்கொண்டது? மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானின் குவாண்டுங் படை ஏப்ரலில் ஒரு விதியை வகுத்திருந்தது: எல்லை தெளிவாக இல்லாத இடத்தில் அங்கிருக்கும் தளபதியே எல்லைக் கோட்டைப் போட்டுக்கொள்ளலாம். எழுதியவர் சுஜி மசனோபு என்ற மேஜர். ஒரு மேஜரின் பேனா இரண்டு வல்லரசுகளைப் போருக்குள் இழுத்தது. ஜூன் 27 அன்று மங்கோலியாவுக்குள் இருந்த தம்சக்-புலாக் விமானதளத்தைக் குண்டுவீசித் தாக்கியதும் டோக்கியோவின் அனுமதி இல்லாமல்தான்.

மறுபக்கம் வந்து சேர்ந்தவர் சோவியத் தளபதி ஜுகோவ். அவருக்கு ரயில் நிலையம் 600 கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு தூரத்திலிருந்து பெரிய படைக்குச் சோறும் குண்டும் கொண்டுவர முடியாது என்று ஜப்பானியர் கணக்குப் போட்டார்கள். ஆயிரக்கணக்கான லாரிகள் இரவும் பகலும் ஓடி அந்தக் கணக்கைப் பொய்யாக்கின. தற்காப்புக்குத் தயாராவதுபோல நடிக்க, முளை அடிக்கும் சத்தத்தை ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஆகஸ்ட் 20, ஞாயிறு, விடிகாலையில் டாங்கிகள் இரண்டு பக்கமும் வளைத்தன. சில நாட்களில் ஜப்பானின் 23-ஆம் டிவிஷன் வளையத்துக்குள் சிக்கி நொறுங்கியது.

இப்போது தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் 23: அந்தச் சண்டை உச்சத்தில் இருக்கும்போதே மாஸ்கோவில் சோவியத்தும் ஜெர்மனியும் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று ஒப்பந்தம். தன் கூட்டாளி என்று நம்பிய ஜெர்மனி சொல்லாமல் கை மாறியதில் திகைத்த ஜப்பான் பிரதமர் ஹிரனுமாவின் அமைச்சரவை 28-ஆம் தேதி பதவி விலகியது. செப்டம்பர் 1: போலந்துக்குள் ஜெர்மனி. செப்டம்பர் 15: ஜப்பானோடு சண்டை நிறுத்த உடன்பாடு. அப்புறம் இரண்டே நாளில், 17-ஆம் தேதி, சோவியத் படையும் போலந்துக்குள் நுழைந்தது. கிழக்கை அடக்கிவிட்டுத்தான் ஸ்டாலின் மேற்கே கை நீட்டினார். நான் 'பாதிக் கதை' என்றது இதைத்தான்.

இந்தத் தோல்வியால்தான் ஜப்பான் தெற்கே, தென்கிழக்கு ஆசியா பக்கம் திரும்பியது என்று ஒரே வரியில் முடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1941-இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது அதைவிடப் பெரிய காரணம். ஆனால் அந்த ஆண்டு ஜெர்மனி சோவியத்தைத் தாக்கியபோது, நாமும் பின்னாலிருந்து அடிக்கலாம் என்ற யோசனை டோக்கியோவில் எழுந்து அடங்கியதில் நோமன்ஹானின் சூட்டுக்குப் பங்கு உண்டு.

என்னை உறுத்துவது வேறு. போர்க்களத்தின் பூய் மேட்டில் சில நூறு பேரோடு நாள் கணக்கில் தாக்குப்பிடித்துவிட்டு, முடியாமல் பின்வாங்கிய ஜப்பானிய அதிகாரியைத் தற்கொலை செய்துகொள்ள வைத்தார்கள். சிறைப்பட்டுத் திரும்பிய அதிகாரிகளுக்கும் அதே கதி. குவாண்டுங் படைத் தளபதி உவேதா வீட்டுக்கு அனுப்பப்பட்டார். விதியை எழுதிய சுஜிக்கு? சீனாவுக்கு இடமாற்றம். அவ்வளவுதான்.

இரண்டே ஆண்டில் அவர் மலாயாப் படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவராக உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூர் வீழ்ந்ததும் அங்கே சீனர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றதில் அவர் பெயர் முன்னால் நிற்கிறது. அந்த ஆக்கிரமிப்பில்தான் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை சயாம்-பர்மா ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. சுஜியோ, போர் முடிந்ததும் தலைமறைவாக இருந்துவிட்டு, 1952-இல் தேர்தலில் ஜெயித்து ஜப்பான் நாடாளுமன்றத்துக்குள் போனார்.