காரைக்குடியில் எங்கள் மில் பாய்லர் குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்கத்தான் வேண்டுமா?

நீங்கள் கேட்டது இது: அரிசி மில்லில் நீராவிக் குழாயை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்திருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் ஆர்.டி. (ரேடியோகிராபி, அதாவது கதிர் பாய்ச்சி வெல்டின் உள்ளே படம் பிடிப்பது) பிலிம் கேட்கிறார். அப்பச்சி "வெல்டிங் பார்க்க நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தண்டச் செலவு" என்கிறார். ஆத்தாவுக்குக் கதிர்வீச்சு பயம்.

நான் தேவகோட்டைக்காரன். திருச்சியில் பாய்லர் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் ஆர்.டி. எடுப்பதுதான் பிழைப்பு. எடுங்கள் என்பதுதான் என் பதில்.

அப்பச்சி பார்த்தது கடைசியாகப் போட்ட மேல் தையலை. அது நம்ம ஊர் முட்டைப் பூச்சுச் சுவர் மாதிரி வழவழவென்றுகூட இருக்கலாம். பிரச்சினை ரூட்டில், அதாவது குழாயின் உள்பக்கம் முதலில் போட்ட தையலில். இரண்டு விளிம்பும் அங்கே உருகிச் சேரவில்லை என்றால், பிலிமில் வெல்டின் நடுவே நேர்கோடாகக் கறுப்பு விழும். சூடும் அழுத்தமும் ஏறி இறங்க, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். காற்றுக்குமிழி உருண்டைப் புள்ளியாகவும், ஸ்லாக் (உள்ளே சிக்கிய வெல்டிங் கசடு) கோணல்மாணலான கறையாகவும் தெரியும். டங்ஸ்டன் கம்பி வைத்துப் பற்றவைக்கும் டிக் வெல்டிங்கில் அதன் முனை உடைந்து விழுந்திருந்தால் மட்டும் வெள்ளைப் புள்ளி. இரும்பைவிட அது கதிரை அதிகம் தடுக்கும்.

பயத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே என்று சொன்னாலும் சைட்டுக்குப் பெரும்பாலும் வருவது இரிடியம்-192, காமா கதிர் வீசும் பொருள். அதைத்தான் சோர்ஸ் என்போம். பயப்பட வேண்டிய பொருள்தான். அதனால்தான் இரவில், ஆட்களை அனுப்பிவிட்டு, கயிறு கட்டி, தூரத்தில் நின்று கிராங்க் சுற்றி சோர்ஸை வெளியே தள்ளுகிறோம். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் சர்வே மீட்டரோடு (கதிரை அளக்கும் கருவி) போய், சோர்ஸ் பெட்டிக்குள் திரும்பிவிட்டதா என்று பார்க்காமல் குழாயைத் தொடும் ஆளை வேலைக்கே விடாதீர்கள். ஏஜென்சிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, வருகிற ஆட்கள் டி.எல்.டி. பேட்ஜ் (உடம்பில் பட்ட கதிரைக் கணக்கிடும் பட்டை) போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சோர்ஸ் உள்ளே போனபின் குழாயிலோ நெல்லிலோ கதிர் எதுவும் தங்காது, ஆத்தாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

இன்னொன்று. இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும். பழைய சோர்ஸ் என்றால் ஒரு ஷாட்டுக்கு அதிக நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு எடுத்தால் பிலிம் வெளுத்துப்போகும். குழாய் மெல்லியது என்றால் நிஜ எக்ஸ்ரே அல்லது செலினியம்-75 சோர்ஸ் கேளுங்கள், படம் துலக்கமாக வரும்.

ஆர்.டி. எல்லாவற்றையும் காட்டாது. கதிர் போகும் திசைக்குக் குறுக்கே படுத்திருக்கும் மெல்லிய விரிசல் பிலிமில் தப்பிவிடும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் அல்ட்ராசோனிக்கும் (ஒலி அலை விட்டுச் சோதிப்பது) பார்க்கச் சொல்லுங்கள்.

பிலிம் வந்ததும் ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். வியூவரில் (பின்னால் விளக்கு எரியும் பெட்டி) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வெல்டுக்குக் குறுக்கே வரிசையாக மெல்லிய கம்பிகளின் நிழல் தெரியும், படத்தின் தரத்தைப் பார்க்க வைப்பது அது. உங்கள் குழாயின் கனத்துக்குத் தெரிய வேண்டிய கம்பி தெரியவில்லை என்றால் அந்தப் பிலிம் செல்லாது. மறுபடி எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.